நெல்லைச் சீமைக்குச் சைக்கிள் பாதை அலசல்: ஓஸ்ம்ஆண்ட் செயலியில் படிப்படியாக

சைக்கிள் பாதை ஒன்றைச் செயலியில் போட்டதும் முதலில் கண்ணில் படுவது மூன்று எண்கள்: தூரம், நேரம், மொத்த ஏற்றம். மலை ஊர்க்காரருக்கு இந்த மூன்றும் ஓரளவு போதும். திருநெல்வேலி வட்டாரத்தில் மூன்றுமே சரியாக இருந்தும் பயணம் பாதியில் படுத்துவிடும். ஜங்ஷனிலிருந்து தென்காசி ஏறக்குறைய 55 கி.மீ.; அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்துத் தரை உயர்வது நூறு மீட்டர் அளவுதான். சராசரிச் சாய்வு 0.2%. கிராஃபில் அது படுக்கைக் கோடாகத் தெரியும். ஆனால் ஆனி, ஆடியில் அதே சாலையில் மேற்கே மிதிப்பவருக்குக் கால் சொல்லும் கணக்கு 3% ஏற்றம். அது எப்படி என்பது காற்றுப் பகுதியில் வருகிறது.

ஆகவே இங்கே அலசலின் வரிசை வேறு. முதலில் சாலையின் தளம், அடுத்து காற்று, பிறகு வழியை மறிக்கும் இடங்கள், கடைசியில்தான் சாய்வு. மணிமுத்தாறுக்கு மேலேயோ செங்கோட்டைக்கு மேற்கேயோ போகும்போது மட்டும் சாய்வு முன்னுக்கு வரும்.

இந்த வழிகாட்டி ஓஸ்ம்ஆண்ட் செயலியை வைத்து எழுதப்பட்டது. காரணம் இரண்டு. மேப், பாதைக் கணக்கு, ஏற்ற கிராஃப் எல்லாமே இணையம் இல்லாமல் போனிலேயே நடக்கும். மலையடிவாரத்தில் சிக்னல் போய்விடுகிற நமக்கு அது முக்கியம். இரண்டாவது, தளம், வழுவழுப்பு, சாலை வகை, செங்குத்து ஆகிய நான்கையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும். கோமூட் போன்ற பிற பாதைச் செயலிகளிலும் தளமும் சாலை வகையும் கிடைக்கும். அவற்றுக்கும் அடிப்படை, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுதான் என்பதால் கீழே சொல்லும் எச்சரிக்கைகள் அங்கும் பொருந்தும்.

தயார்ப்படுத்துதல்

1. செயலியை நிறுவியதும் பதிவிறக்கப் பட்டியலில் ஆசியா, இந்தியா, தமிழ்நாடு என்று போய் மாநில மேப்பை இறக்குங்கள். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கேரள மேப்பும் வேண்டும். இல்லாவிட்டால் பாதை எல்லையிலேயே அறுந்துபோகும். இலவசப் பதிப்பில் பதிவிறக்க எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதனால் தேவையில்லாத மாநிலங்களை இறக்கி வீணாக்க வேண்டாம்.

2. அதே பட்டியலில் உலக மேப்களுக்குரிய பகுதியில் உயரத் திருத்தக் கோப்பு ஒன்று இருக்கும், பெயரில் ஆல்டிடியூட் கரெக்‌ஷன் என்று வரும். அதையும் இப்போதே இறக்கி வையுங்கள். சிறிய கோப்புதான். எதற்கென்று கடைசிப் பகுதியில் தெரியும்.

3. புரொஃபைல் பட்டியலில் சைக்கிளிங்கை இயக்கி, அதன் நேவிகேஷன் செட்டிங்ஸைத் திறங்கள். வெஹிக்கிள் பாராமீட்டர்ஸ் என்பதற்குள் டிஃபால்ட் ஸ்பீடு இருக்கும். பலர் இதைத் தொடுவதே இல்லை. செயலி சொல்லும் நேரம் தப்பாகப் போக முதல் காரணம் இதுதான். கேரியர் மாட்டிய சாதாரண சிங்கிள் கியர் வண்டிக்கு மணிக்கு 14 கி.மீ., கியர் வண்டியில் பழகியவருக்கு 18 கி.மீ. என்று தொடங்குங்கள்.

4. ரூட் பாராமீட்டர்ஸில் உயரத் தரவைப் பயன்படுத்தும் தெரிவை இயக்குங்கள். மண்சாலையைத் தவிர்க்கும் தெரிவை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால், தளம் குறிக்கப்பட்ட மண்சாலைகளைத்தான் செயலி விலக்கும். யாரும் எதுவும் குறிக்காமல் விட்ட மண்சாலையை அது நல்ல சாலையாகவே நினைத்துக்கொள்ளக்கூடும். பாதுகாப்பு கிடைத்ததாக ஒரு பொய்யான நிம்மதி மட்டும் மிஞ்சும்.

மெனுக்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். பெயர்கள் அதிகம் மாறுவதில்லை, தேடினால் அகப்படும்.

இரண்டு பாதையாகப் போடுங்கள்

ஒரே ஒரு பாதையை வைத்து அலசினால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடைக்காது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். பாபநாசம் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் பாதை பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி. இரண்டாவது பாதை ஆற்றுக்கு வடகரையில் முக்கூடல், பாப்பாக்குடி வழி. டைரக்‌ஷன்ஸ் பொத்தானை அழுத்திச் சேருமிடத்தைக் கொடுத்த பிறகு, முக்கூடலை இடைப்புள்ளியாகச் சேர்த்தால் இரண்டாவது பாதை வரும். ஒவ்வொன்றையும் ட்ராக்காகச் சேமியுங்கள். ஜிபிஎக்ஸ் கோப்பாக நின்றுவிடும், பிறகு எப்போது வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்க்கலாம்.

கால்வாய்க்கரை, குளத்துக்கரை வழியாகப் பின்னிப் பின்னிப் போகும் பாதைக்கு மேற்படி முறை சரிவராது. அதற்கு பிளான் ரூட் கருவி இருக்கிறது. சைக்கிளிங் புரொஃபைலைத் தேர்ந்து, சாலை பிரியும் விலக்கு ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். கீழே கிராஃப் கூடவே வளரும். ஒரு புள்ளியை நகர்த்தினால் ஏற்றமும் தளமும் உடனே மாறுவதைப் பார்க்கலாம்.

தளம்: பட்டையை எப்படி வாசிப்பது

பாதை கிடைத்ததும் டீடெயில்ஸைத் தட்டுங்கள். மேலே ஏற்ற கிராஃப். அதன் கீழே சாலை வகை, செங்குத்து, தளம், வழுவழுப்பு என்று வண்ணப் பட்டைகள். ஒரு பட்டையைத் தட்டினால் ஒவ்வொரு வகையும் எத்தனை கிலோமீட்டர் என்று விரியும்.

வழுவழுப்புப் பட்டையைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நம் கிராமச் சாலைகளுக்கு அந்தக் குறிப்பை யாரும் அதிகம் இட்டதில்லை. வெறுமையாகத்தான் இருக்கும்.

தளப் பட்டையில் அஸ்பால்ட் என்று வருவது தார்ச்சாலை. அதில் சந்தேகம் இல்லை, குழி இருக்கலாம் அவ்வளவுதான். சிக்கல் அன்டிஃபைன்டு என்ற சாம்பல் நிறத் துண்டில் இருக்கிறது. 70 கி.மீ. பாதையில் 25 கி.மீ. சாம்பலாக வந்தால் பயப்படுவதா, விடுவதா? விடை பக்கத்துப் பட்டையில், அதாவது சாலை வகையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இப்படி வாசியுங்கள்.

தளம் தெரியவில்லை, ஆனால் சாலை வகை ஸ்டேட் ரோடு அல்லது ரோடு என்றால் அது பெரும்பாலும் பஸ் ஓடுகிற தார்ச்சாலைதான். இந்திய மேப் வழக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை என்று ஒழுங்காகத் தரம் பிரித்துத்தான் குறிக்கிறார்கள்.

தளம் தெரியவில்லை, சாலை வகை ஸ்ட்ரீட் என்றால் ஊருக்குள் சிமென்ட் தெருவாகவோ, ஊர்களை இணைக்கும் ஒற்றைத் தார்ச்சாலையாகவோ இருக்கும். பத்தில் ஒன்று ஏமாற்றும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டுத் தார் போடாமல் மாதக்கணக்கில் கிடக்கும் சாலை எந்தச் செயலிக்கும் தெரியாது.

தளம் தெரியவில்லை, சாலை வகை ட்ராக் (வண்டிப்பாதை) அல்லது பாத் (ஒற்றையடிப்பாதை) என்றால் அது மண். அங்கே அடுத்த கேள்வி: எந்த மண்? மேப்பில் கிரவுண்டு என்றும் டர்ட் என்றும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள். நெல்லைச் சீமையில் மூன்று மண்ணும் மூன்று விதம்.

கங்கைகொண்டான், மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். காய்ந்திருந்தால் கல்லாட்டம் ஓடும், 35 மி.மீ. டயர் போதும். ஒரு மழை பெய்தால் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் பிரேக்குக்கும் இடையில் அடைத்து, சக்கரமே சுழலாது. உருட்டிக்கொண்டு போகவும் முடியாமல் தூக்கித்தான் நடக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் காயாமல் அந்தப் பக்கத்து மண்பாதை எதையும் பாதையில் சேர்க்காதீர்கள்.

திசையன்விளை, குட்டம், உவரி பக்கமும் அங்கிருந்து கிழக்கே குதிரைமொழி வரையும் தேரி. செம்மணல். இதற்கு மழைதான் நண்பன். நனைந்து இறுகினால் ஓரளவு ஓடும், கோடையில் உலர்ந்தால் 50 மி.மீ. டயரும் புதையும். தேரியில் கிராஃப் காட்டும் தூரத்தில் ஒரு கிலோமீட்டர் என்பதை உருட்டி நடக்கும் பதினைந்து நிமிடமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியின் இரு கரையிலும் கோடகன், பாளையங்கால்வாய், கன்னடியன் போன்ற கால்வாய்களின் கரைமேல் போகும் மண்பாதை மூன்றாவது வகை. சமதளம், பெரும்பாலும் நிழல், சைக்கிளுக்கு இதைவிட இதமான பாதை இல்லை. இதன் எதிரி முள். உடைமுள்ளும் சீமைக்கருவேலமும் வெட்டிப் போட்ட கரையில் ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு டியூபும் போகலாம். உள்ளே பஞ்சர் திரவம் ஊற்றாமல் இந்தக் கரைகளுக்குப் போவது வீண்வேலை.

தளத்தில் இன்னொன்று, பட்டையில் வரவே வராதது: தாம்போதி. ஓடை குறுக்கே போகும் தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே ஓடும்போது சாலை அங்கேயே முடிந்துவிடும். அனலைஸ் ஆன் மேப் என்பதைத் தட்டினால் கிராஃப் கீழேயும் மேப் மேலேயும் வரும். கிராஃபில் விரலை வைத்து நகர்த்தினால் மேப்பில் புள்ளி ஓடும். வடகிழக்குப் பருவத்தில் போவதானால், பாதை ஓடையையோ வாய்க்காலையோ வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, மேப்பைப் பெரிதாக்கிப் பாலக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பாலக் குறி இல்லாமல் நீல நிறக் கோடு சாலையைக் குறுக்கே வெட்டினால் அங்கே தாம்போதி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் சாலைகள் அரித்துப் போயின. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு மேப்பில் இருக்கும் தளக் குறிப்பு பழைய சாலையைப் பற்றியது. உள்ளூரில் ஒரு போன் போட்டுக் கேட்பது அதைவிட நம்பகமானது.

காற்று: கிராஃபில் இல்லாத ஏற்றம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே இரண்டு இடைவெளிகள். தெற்கே ஆரல்வாய்மொழி, வடமேற்கே செங்கோட்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவற்றின் வழியாகப் பீறிட்டு வருகிறது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே மேகாத்துதான் (மேற்குக் காற்று) சைக்கிள்காரரின் மார்பில் அடிப்பதும்.

கணக்கைப் பாருங்கள். ஆளும் வண்டியுமாக 85 கிலோ. காற்றில்லாத நாளில் சமதளத்தில் 18 கி.மீ. வேகத்தில் போனால் காற்றுத்தடை ஏழெட்டு நியூட்டன். எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் அதே வேகத்துக்குத் தடை 33 நியூட்டன் அளவுக்குப் போகும். கூடுதலான 25 நியூட்டனை எடையால் (85 கிலோ என்பது ஏறக்குறைய 834 நியூட்டன்) வகுத்தால் 0.03. அதாவது 3% ஏற்றத்தில் மிதிப்பதும் இதுவும் ஒன்று. அதே உழைப்பை வைத்துக்கொண்டால் 18 பாதியாகி 9-க்கு இறங்கிவிடும். அழுத்தி மிதித்தால் 12, 13 வரும்.

இதைப் பாதை அலசலில் சேர்ப்பது இப்படி.

வானிலைச் செயலி எதிலாவது புறப்படும் நாளின் காற்று வேகத்தையும் திசையையும் மணிவாரியாகப் பாருங்கள். அந்த எண் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. திறந்த வெளியில் சைக்கிள்காரரின் மட்டத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 30 என்று போட்டிருந்தால் நமக்கு 20.

பாதையை மேற்கே போகும் பகுதி, தெற்கு வடக்காகப் போகும் பகுதி என்று மனதில் பிரியுங்கள். மேற்குப் பகுதிக்கு டிஃபால்ட் ஸ்பீடை 12 ஆகக் குறைத்து நேரத்தைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். காலையில் காற்று தணிந்திருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே போகும் திசை மேற்காக இருந்தால் விடியுமுன் கிளம்பி, ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியை முடித்து, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வதுதான் அறிவு.

எங்கே காற்று கடுமை என்பதை மேப்பே காட்டும். காற்றாலைக் குறிகள் எங்கே நெருக்கமாகக் கிடக்கின்றனவோ அங்கேதான். பணகுடி, ராதாபுரம் பக்கமும், கயத்தாறு பக்கமும் பெரிதாக்கிப் பாருங்கள். காற்றாலை நடுகிறவர்கள் காற்றை அளந்துவிட்டுத்தான் நடுவார்கள். அவர்கள் செலவில் நமக்கு ஒரு காற்று மேப் கிடைக்கிறது.

பக்கக்காற்று தனி ஆபத்து. நான்குவழிச் சாலையில் வள்ளியூரிலிருந்து காவல்கிணறு நோக்கித் தெற்கே போகும்போது மேகாத்து வலப்புறம் அடிக்கும். சாயாமல் இருக்க உடல் தானாக வலப்பக்கம் சரிந்து நிற்கும். அந்த நேரம் பஸ் ஒன்று வலப்புறம் முந்தினால் காற்று சட்டென்று அறுபட்டு, வண்டி பஸ்ஸை நோக்கி இழுக்கும். வடக்கே திரும்பி வரும்போது காற்று இடப்புறம் இருந்து போக்குவரத்துக்குள் தள்ளும். ஆனியிலிருந்து ஆவணி வரை இந்தத் துண்டுக்கு இடைப்புள்ளி வைத்து உள்சாலைக்கு மாற்றிவிடுங்கள். தூரம் கூடினாலும் பரவாயில்லை.

வழி மறிக்கும் இடங்கள்

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, பாபநாசத்திலிருந்து காரையாறு ஆகிய இரண்டும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலைகள். வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. மேப்பில் சாலைக்கு அனுமதிக் குறிப்பு விடுபட்டிருந்தால் செயலி கூசாமல் பாதை போட்டுத்தரும், ஏற்ற கிராஃபும் அழகாக வரும், சாவடியில் திருப்பி அனுப்புவார்கள். சைக்கிளை விடுவார்களா, எந்த நேரம்வரை என்பதை வனத்துறை அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். விதி அவ்வப்போது மாறும். கிராஃபைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோடு இன்னொரு தொல்லை. ஒருவழிக் குறிப்பு சரியாக இல்லாவிட்டால் செயலி எதிர்த்திசையில் விடும். சாலை மாறும் ஒவ்வொரு விலக்கிலும் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாய்வு: எந்த எண்ணை நம்புவது

அனலைஸ் ஆன் மேப் திரையில் நிலையச்சுக்கு (கிராஃபின் செங்குத்து அச்சு) ஆல்டிடியூட், ஸ்லோப் இரண்டையும் தேர்ந்தால் உயரக் கோடும் சாய்வுக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். ஸ்லோப் கோட்டில் 14%, 18% என்று முள்முள்ளாக நிற்பதைப் பார்த்தே பலர் பாதையைக் கைவிடுகிறார்கள். அவற்றில் பல பொய்.

உயரத் தரவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். இவ்வகைச் செயலிகளின் உயரக் கணக்குக்கு முக்கிய மூலம், 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் பறந்து ரேடாரால் அளந்த தரவு. பூமியை ஏறக்குறைய 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம். சாலையை அது அளக்கவில்லை. சாலை இருக்கும் சதுரத்தைத்தான் அளந்தது.

மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையில் இது எப்படிக் கெடுக்கும்? சரிவு 40% என்று வையுங்கள். மேப்பில் சாலைக்கோடு 30 மீட்டர் தள்ளி விழுந்தால் உயரத்தில் 12 மீட்டர் பிழை. அடுத்த நூறு மீட்டரில் கோடு சரியான இடத்துக்கு வந்துவிட்டால், இல்லாத 12% சாய்வு கிராஃபில் முளைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இது கூடும். அடர்ந்த காட்டில் ரேடார் மரத்தலையில் பட்டுத் திரும்புவதும் உண்டு, காடு முடியும் இடத்தில் ஒரு போலிப் பள்ளம் விழும். பாலங்கள் இன்னொரு வகை. தரவில் ஆற்றுப்படுகையின் உயரமோ, பாலத்தின் உயரமோ, இரண்டும் கலந்ததோ இருக்கலாம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுலோச்சன முதலியார் பாலத்தில் 1843 முதல் சனங்கள் சமமாகத்தான் கடக்கிறார்கள். கிராஃபில் அங்கே இறங்கி ஏறுவதாகக் காட்டினால் அதை ஆற்றின் கணக்கில் எழுதுங்கள்.

பொய்யை மெய்யிலிருந்து பிரிக்க மூன்று சோதனைகள்.

முதலாவது, நீளம். 200 மீட்டருக்குள் ஏறி உடனே அதே அளவு இறங்கும் முள் பிழை. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீடிக்கும் சாய்வு மெய்.

இரண்டாவது, சாலை விதி. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுகோலில் செங்குத்தான மலைச்சாலைக்கு வழக்கமான சாய்வு 6%, வரம்பு 7%, தவிர்க்க முடியாத இடத்தில் 8%. கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல், புளியரைக்கு மேலே எஸ் வளைவில் 14% தொடர்ந்து வருவதாகச் செயலி சொன்னால் நம்ப வேண்டாம். வளைவின் உள்விளிம்பில் சில மீட்டர் அப்படி இருக்கலாம், பாரலாரி உறுமுவதும் அங்கேதான். பழைய எஸ்டேட் சாலைகள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல, அங்கே 10% வந்தாலும் நம்பலாம்.

மூன்றாவது, கைக்கணக்கு. கிராஃபில் விரலை ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் வைத்து உயரங்களைக் குறித்துக் கழியுங்கள். 58 மீட்டர் வந்தால் 5.8%. வண்டியில் உட்கார்ந்தவருக்குத் தேவையானது இந்தச் சராசரிதான்.

சமவெளியில் பிழை வேறு உருவத்தில் வரும். ஓரிரு மீட்டர் அலைச்சல் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சேர்ந்து, தட்டையான 80 கி.மீ. பாதைக்கு 200, 300 மீட்டர் ஏற்றம் என்று காட்டும். ஒவ்வொரு செயலியும் சிறு அலைச்சலை வேறுவேறு அளவில் வடிகட்டுவதால், ஒரே பாதைக்கு இரண்டு செயலியில் இரண்டு ஏற்றம் வரும்.

இதைச் சரிபார்க்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு பல ஊர்களுக்கு இல்லாதது: கால்வாய். பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டுமானால் கரை ஒரே சீராகக் கீழ்நோக்கித்தான் போக முடியும். அதுவும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்குள்தான் இறங்கும். கரையில் பாதை வரையப்பட்ட கால்வாய் ஒன்றைத் தேர்ந்து, பிளான் ரூட்டில் தண்ணீர் போகும் திசையில் 3 கி.மீ. பாதை போடுங்கள். மதகு, ஏற்றிக்கட்டிய பாலம் எதுவும் இல்லாத துண்டாக இருக்கட்டும். உண்மையில் அங்கே ஏற்றம் பூஜ்யம். செயலி 6 மீட்டர் ஏற்றம் காட்டினால் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் பொய் ஏற்றம். உங்கள் 80 கி.மீ. பாதையின் மொத்தத்திலிருந்து 160 மீட்டரைக் கழித்துவிடுங்கள். மிச்சம்தான் காலுக்கு வேலை. போனை மாற்றினாலும் செயலியை மாற்றினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

கியரும் நேரமும்

மெய்யான ஏற்றம் தெரிந்த பிறகு வண்டி அதற்கு ஈடுகொடுக்குமா என்று பாருங்கள். 85 கிலோவை 6% சாய்வில் 8 கி.மீ. வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய 120 வாட் வேண்டும். சுமாராகப் பழகியவர் ஒரு மணி நேரம் தாங்குவார். முன்பல்லும் பின்பல்லும் சமமாக இருக்கும் கியரில், 2.1 மீட்டர் சுற்றளவுச் சக்கரத்துக்கு, நிமிடத்துக்கு 60 மிதிப்பு என்றால் ஏழரை கி.மீ. வேகம். பொருந்தி வருகிறது. அதே கியரில் 10% வந்தால் வேகம் 5-க்கு இறங்கி மிதிப்பு நிமிடத்துக்கு 40 ஆகும். முழங்கால் அதை மறுநாள் நினைவூட்டும். 44 முன்பல், 18 பின்பல் கொண்ட சிங்கிள் கியர் வண்டியை 6% சாலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அம்பாசமுத்திரம் வரை அது ராஜா, அதற்கு மேலே உருட்டல்தான்.

நேரத்துக்கு: சமதள நேரத்தோடு ஒவ்வொரு நூறு மீட்டர் மெய் ஏற்றத்துக்கும் ஆறு, ஏழு நிமிடம் கூட்டுங்கள். எதிர்க்காற்றுத் துண்டை மேலே சொன்னபடி தனியாகக் கணக்கிட்டுச் சேருங்கள். டீக்கும் தண்ணீருக்கும் மணிக்குப் பத்து நிமிடம். கோடையில் பத்து மணிக்கு மேல் எந்தக் கணக்கும் செல்லாது. நிழலில் ஒதுங்குவதுதான் திட்டம்.

போய்வந்த பிறகு

டிரிப் ரெக்கார்டிங் பிளக்இன்னை இயக்கி, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் மை பிளேசஸில் அந்த ட்ராக்கைத் திறந்து, திட்டமிட்ட ட்ராக்கின் கிராஃபோடு ஒப்பிடுங்கள். நிலையச்சில் ஆல்டிடியூடோடு ஸ்பீடையும் வைத்தால், சாய்வே இல்லாத இடத்தில் வேகம் விழுந்திருப்பது தெரியும். அது காற்றா, தளமா என்பது மேப்பில் புள்ளி நிற்கும் இடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். அப்பியரன்ஸில் ஸ்ப்ளிட் இன்டர்வலை 5 கி.மீ. என்று வைத்தால் துண்டுதுண்டாக ஒப்பிடலாம்.

பதிவான உயரம் கழித்தல் குறியோடு வந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள். ஜிபிஎஸ் அளப்பது, பூமியின் உருவத்துக்கு ஈடாகக் கணிதத்தால் வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து உயரத்தை. கடல் மட்டம் அதோடு ஒட்டியிருப்பதில்லை. உலகிலேயே இந்த இடைவெளி மிக ஆழமாக இருக்கும் இடம் நம் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர் அளவில். அதன் ஓரத்தில் இருப்பதால் நெல்லைப் பக்கத்திலும் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 90 மீட்டருக்குச் சற்றுக் கூடவே கீழே இருக்கிறது. திருத்தாத பதிவில் உவரிக் கடற்கரை மைனஸ் தொண்ணூறுகளில் வரும், ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் திருநெல்வேலியும் மைனஸ் நாற்பதுகளில் வரும். தொடக்கத்தில் இறக்கிய உயரத் திருத்தக் கோப்பு இதற்குத்தான். பிழை எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் சாய்வையும் மொத்த ஏற்றத்தையும் இது பாதிக்காது.

கடைசியாக, சாம்பல் நிறத் துண்டுகள். நீங்கள் கடந்துவந்த சாலை தாரா, சிமென்டா, மண்ணா என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கைத் திறந்து நுழைந்தால், நிற்கும் இடத்துச் சாலையின் தளத்தைப் படம் காட்டிக் கேட்கும். சரியான படத்தைத் தட்டினால் போதும். டீக்கு நிற்கும் இடத்தில் செய்துவிடலாம். நேரில் பார்த்த துண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சாலை பாதி தார் பாதி மண் என்றால் இரண்டாகப் பிரிக்கும் வசதி அதிலேயே உண்டு. ஓஸ்ம்ஆண்டின் மாநில மேப் மாதம் ஒருமுறை புதிதாக வரும். அதை இறக்கிய பிறகு பழைய ட்ராக்கை நம்பாமல் பாதையை மறுபடி கணக்கிட்டால்தான் தளப் பட்டையில் மாற்றம் தெரியும்.